அகலக் கால் வைக்கும் முன் அளந்து பாருங்கள்

வணிகத்தில் அகலக் கால் வைக்காதே என்று மூத்தவர்கள் சொல்லி வைத்தார்கள். கொள்முதலுக்கும் கடனுக்கும் சொன்ன இந்தச் சொல், டயர் வணிகம் செய்யும் நமக்கு நேர்ப் பொருளிலேயே பொருந்துகிறது. வண்டிக்கு அகலமான கால் வேண்டும் என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் பெருகி வருகிறார்கள். அதிலும் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திய வண்டியோடு வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் அகலமா போட முடியுமா அண்ணே?"

முடியும் என்று சொல்லிக் கல்லாவை நிரப்புவது எளிது. எந்த அளவு வரை முடியும் என்று சொல்லத் தெரிந்தவரே நெடுநாள் கடை நடத்துவார். இதை நாம் நூலைப் படித்துக் கற்கவில்லை, கைப்பணம் போய்க் கற்றோம். உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

நம் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இரண்டு இருக்கை உள்ள ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். மாஸ்டா நிறுவனம் 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகம் செய்த எம்.எக்ஸ்-5 வகை. உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் பெற்ற வண்டி அது. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. நம்மிடம் வந்தது, வெளிநாட்டில் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஒருவர் தொண்ணூறுகளில் உடன் கொண்டு வந்து, பிறகு கை மாறிய வண்டி. இளைஞர் அதை வேறெங்கோ கொடுத்து ஏறக்குறைய 40 மி.மீ. தாழ்த்தியிருந்தார்.

கம்பெனி கொடுத்தது 14 அங்குல வீல், ஐந்தரை அங்குல அகல ரிம், 185/60 ஆர் 14 டயர். அவர் கேட்டது 15 அங்குலத்தில் 7 அங்குல அகல அலாய் வீல், 205/50 ஆர் 15 டயர். நம்மிடம் இருப்பில் ஒரு ஜோடி போக இன்னொரு ஜோடியை மொத்த வியாபாரியிடம் வரவழைத்தோம். நம் ஃபிட்டர் வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தார். எங்கும் உரசவில்லை. "சரியா இருக்கு முதலாளி" என்றார். நாமும் பில் போட்டுக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் இளைஞரின் தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார். மகனும் நண்பரும் பின்பெட்டியில் சாமான்களோடு வெளியூர் போயிருக்கிறார்கள். வழியெங்கும் வேகத்தடைகளில் பின்பக்கம் ஏதோ உரசும் சத்தம். நிறுத்திப் பார்த்தபோது இரண்டு பின் டயர்களின் தோளிலும் சுற்றி வெட்டு விழுந்து, ஒன்றில் உள்கம்பி தெரிந்தது. மட்கார்டின் உள்விளிம்புத் தகடு கத்திபோல் அறுத்திருக்கிறது. தகப்பனார் கத்தவில்லை. "ஐயா, உங்க கடைன்னு நம்பித்தான் அனுப்பினேன்" என்றார். அந்த ஒரு சொல் போதும். இன்னும் சில கிலோமீட்டர் அதே வேகத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

தவறு எங்கே? நிற்கும் வண்டியைச் சோதித்தோம், ஓடும் வண்டியைச் சோதிக்கவில்லை. அதற்கும் முன், காகிதத்தில் கணக்கே போடவில்லை.

முதற்கணக்கு: உயரம்

டயரில் உள்ள எண்களை நாம் எல்லோரும் தினமும் படிக்கிறோம். ஆனால் கணக்கிடுகிறவர் குறைவு. 185/60 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு, அதாவது 111 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 14 அங்குலம் 355.6 மி.மீ. அதோடு மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், 222 மி.மீ. கூட்டினால் மொத்த விட்டம் 577.6 மி.மீ.

இப்போது 195/50 ஆர் 15-ஐப் பாருங்கள். பக்கச்சுவர் 97.5 மி.மீ. மொத்த விட்டம் 576 மி.மீ. பழைய டயருக்கும் இதற்கும் வேறுபாடு 2 மி.மீ.கூட இல்லை. 205/50 ஆர் 15 என்றால் 586 மி.மீ., ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு அதிகம். 195/55 ஆர் 15 போட்டால் 595.5 மி.மீ., மூன்று விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஒரே 195, ஒரே 15. நடுவிலுள்ள எண் 50-இலிருந்து 55 ஆனதற்கே இத்தனை மாற்றம்.

மூன்று விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது டயர்த் தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. டயர் பெரிதானால் வேகமானி உண்மையை விடக் குறைத்துக் காட்டும். மூன்று விழுக்காடு பெரிய டயரில், முன்பு சரியாக 100 காட்டிய இடத்தில் வண்டி 103-இல் ஓடும். தாழ்த்திய வண்டிக்கு இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விட்டம் 8.4 மி.மீ. கூடினால் டயரின் மேல்விளிம்பு மட்கார்டை நோக்கி 4.2 மி.மீ. நெருங்குகிறது. 40 மி.மீ. ஏற்கெனவே போய்விட்ட வண்டியில் அந்த நாலு மி.மீ.-க்கும் மதிப்பு உண்டு.

இரண்டாம் கணக்கு: ஆஃப்செட்

நாம் சறுக்கியது இங்கேதான். வீலின் அகலத்துக்குச் சரிநடுவே ஒரு கோடு போடுங்கள். வீல் ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் கூட்டல், உட்பக்கமாக இருந்தால் கழித்தல். கூட்டல் எண் குறையக் குறைய வீல் வண்டியை விட்டு வெளியே வரும். பெரும்பாலான அலாய் வீல்களில் இந்த எண் 'இ.டி.' என்ற எழுத்துகளோடு வார்க்கப்பட்டிருக்கும்.

அந்த வண்டியின் கம்பெனி வீல் ஐந்தரை அங்குலம், ஆஃப்செட் 45. ஐந்தரை அங்குலத்தில் பாதி ஏறக்குறைய 70 மி.மீ. அதில் 45-ஐக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து ரிம் வெளியே நீள்வது 25 மி.மீ. கூட்டினால், உள்ளே நீள்வது 115 மி.மீ.

நாம் விற்ற வீல் 7 அங்குலம், ஆஃப்செட் 25. ஏழு அங்குலத்தில் பாதி ஏறக்குறைய 89 மி.மீ. வெளியே நீள்வது 64 மி.மீ. உள்ளே 114 மி.மீ. உட்பக்கம் மாற்றமே இல்லை. கூடிய அகலம் முழுவதும், 39 மி.மீ., வெளியே வந்துவிட்டது. மட்கார்டு விளிம்பு அறுக்காமல் என்ன செய்யும்?

அதே 7 அங்குல வீலை ஆஃப்செட் 45-இலேயே போட்டிருந்தால் வெளியே 19, உள்ளே 19 என்று பங்கிட்டிருக்கும். அப்போது உள்ளே ஷாக் அப்சார்பர், கை, பிரேக் குழாய் இவற்றில் முட்டுமா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஆக, அகலத்தைக் கூட்டினால் அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதை விற்கிறவர் அறிந்திருக்க வேண்டும். இரண்டே வரிக் கணக்குதான். சிட்டையின் பின்பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

வீல் வெளியே வருவதால் இன்னும் இரண்டு கேடு. ஸ்டியரிங் சாலையின் மேடுபள்ளத்துக்கெல்லாம் கையை இழுக்கும். வீல் பேரிங்கின் மேல் விழும் பாரம் கூடும். ஸ்பேசர் என்னும் இடைத்தட்டு போட்டு வீலை வெளியே தள்ளுவதும் இதே விளைவைத்தான் தரும். அதோடு, ஸ்பேசரின் கனத்துக்கு ஸ்டட்டின் மரை குறையும். மரை போதாமல் நட்டு இரண்டு மூன்று சுற்றில் நிற்கிற வேலையை எவ்வளவு வற்புறுத்தினாலும் செய்யாதீர்கள்.

தாழ்த்திய வண்டியின் தனிக் குணம்

தாழ்த்தாத வண்டியில் பொருந்தும் வீல் தாழ்த்திய வண்டியில் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இடைவெளி மட்டுமல்ல. வண்டி இறங்கும்போது சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறுகிறது. இந்த மாஸ்டாவில் நான்கு சக்கரத்துக்கும் இரட்டைக் கை அமைப்பு. இறக்கினால் சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்கிறது. அதுவே கேம்பர். கொஞ்சம் சாய்வு மட்கார்டிலிருந்து டயரை விலக்கும், வளைவில் பிடிப்பும் தரும். ஆனால் கூடவே டோ என்னும் முன்பின் கோணமும் கெடும். அதைச் சரி செய்யாமல் விட்டால் புது டயரின் உள்விளிம்பு வெகு சீக்கிரம் மொட்டையாகிவிடும். வாடிக்கையாளர் டயர் மட்டம் என்பார், நாம் கம்பெனியைச் சொல்வோம், கம்பெனி அலைன்மென்டைச் சொல்லும். எனவே தாழ்த்திய வண்டிக்கு அலைன்மென்ட் பார்க்காமல் டயர் விற்பதில்லை என்று இப்போது நம் கடையில் வழக்கமாக்கிவிட்டோம்.

இன்னொன்று, எப்படித் தாழ்த்தினார்கள் என்று கேளுங்கள். கணக்காகச் செய்த குட்டை ஸ்பிரிங் சற்று விறைப்பாக இருக்கும், ஏனென்றால் சக்கரம் மேலேறக் கிடைக்கும் தூரம் குறைந்துவிட்டது. பழைய ஸ்பிரிங்கையே சுற்று வெட்டிக் குறைத்த வண்டிகளும் வரும். வண்டியைத் தூக்கினால் அந்த ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவக்கூடும். அப்படிப்பட்ட வண்டிக்கு நாம் வீல் விற்பதில்லை. ஸ்பிரிங்கை ஒழுங்காக மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

சோதனை முறை சுலபமானது. ஒரு சக்கரத்தை மட்டும் உறுதியான மரக்கட்டையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். அந்தச் சக்கரம் மட்கார்டுக்குள் அமுங்கும். முன் சக்கரமானால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடிக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் இப்படிப் பாருங்கள். பிறகு டயரின் தோளில் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, வண்டியில் இருக்கை நிறைய ஆளை ஏற்றி, இரண்டு வேகத்தடை தாண்டி மெதுவாக ஒரு நடை போய் வாருங்கள். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசல். கால் மணி நேர வேலை. அன்று இதைச் செய்திருந்தால் நமக்கு அந்தத் தொலைபேசி வந்திருக்காது.

துளை, நடுவட்டம், நட்டு

அகலமும் ஆஃப்செட்டும் சரியாக இருந்தாலும் மூன்று சிறு விஷயங்களில் ஏமாறலாம்.

முதலாவது துளை வட்டம், அதாவது பி.சி.டி. நான்கு துளை 100 மி.மீ. வட்டம் பல ஜப்பானிய வண்டிகளில் உண்டு. ஃபியட் யூனோ, பாலியோ போன்றவற்றில் அது 98 மி.மீ. இரண்டு மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இறுக்கினால் ஏறியும் விடும். ஆனால் போல்ட் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், ஓட ஓடத் தளரும், ஒருநாள் ஒடியும்.

இரண்டாவது நடுவட்டம். துளை வட்டம் ஒன்றாக இருந்தாலும் ஹப்பின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். அந்த மாஸ்டாவுக்கு 54.1 மி.மீ., ஹோண்டாவின் பல வண்டிகளுக்கு 56.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களில் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று நடுவட்டத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை அடைக்கும் வளையம் போடாவிட்டால் வீல் சரிநடுவில் உட்காராது, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்ஸ் எத்தனை முறை பார்த்தாலும் அந்த நடுக்கம் போகாது. சில ரூபாய் வளையத்துக்காக நல்ல வாடிக்கையாளரை இழந்தவர்கள் நம்மில் உண்டு.

மூன்றாவது நட்டு. கூம்பு முகம், உருண்டை முகம், தட்டை முகம் என்று மூன்று வகை. வீலில் குடைந்த குழிக்கு ஏற்ற நட்டே போட வேண்டும். கம்பெனி இரும்பு வீலின் நட்டை அலாய் வீலுக்கு அப்படியே போடுவது பெருந்தவறு. டார்க் ரெஞ்சில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் வந்து இறுக்கிப் போகச் சொல்லுங்கள்.

அகலத்தின் நன்மையும் அதன் விலையும்

அகல டயரே தீது என்று நாம் சொல்லவில்லை. வளைவுகளில் பிடிப்பு கூடும், ஸ்டியரிங் கூர்மையாகும், வண்டியும் பார்க்க அழகுதான். போர்ஷ் நிறுவனம் எழுபதுகளில் 911 டர்போவுக்கு அகலமான பின்சக்கரம் போட்டது. ஆனால் அதற்காக மட்கார்டையே அகலமாக்கி வார்த்தது என்பதை மறக்கக் கூடாது. உடம்பை மாற்றாமல் காலை மட்டும் மாற்ற நினைப்பதில்தான் வம்பு.

மழையில் தேங்கிய நீரின் மேல் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். பக்கச்சுவர் குட்டையாவதால் பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும், டயரில் கொப்புளம் எழும். வீலின் எடை கூடினால் இழுவையும் பிரேக்கும் மந்தமாகும், எரிபொருள் செலவும் ஏறும். நம் ஊர்ச் சாலையில் தினமும் அலுவலகம் போகிற வண்டிக்கு இவை சிறு விஷயங்கள் அல்ல. இதையெல்லாம் வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லிவிட்டு விற்றால் பின்னால் வழக்கு இல்லை.

சுமை எண்ணையும் வேக எழுத்தையும் குறைக்கக் கூடாது. 82 எச் என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, மணிக்கு 210 கிலோமீட்டர். 82 வி என்றால் அதே சுமை, 240 கிலோமீட்டர். சமமாகவோ மேலாகவோ கொடுக்கலாம். கீழாகக் கொடுக்கக் கூடாது. டயர் எந்த அகல ரிம்மில் உட்காரும் என்பதற்கும் வரம்பு உண்டு. 195/50 ஆர் 15-க்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரைதான். குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்துப் போடும் பாணியைக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்த வரம்பைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

சட்டம் நம்மையும் பார்க்கிறது

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று அரசு அறிவித்த பாகத்தை விதிக்கு மாறாக விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கவனத்திற்குரியது. பொருளில் தீங்குக்குக் காரணமான மாற்றம் செய்தாலோ, தயாரிப்பாளர் தராத உறுதியைத் தானாகத் தந்தாலோ, பொருத்துவதிலும் எச்சரிக்கையை எடுத்துச் சொல்வதிலும் அக்கறை காட்டாவிட்டாலோ, விற்றவர் பொறுப்பேற்க நேரிடும். "ஒன்றும் ஆகாது தம்பி, நான் சொல்றேன்" என்று கடையில் நாம் வாய்விட்டுச் சொல்வதும் ஒரு உறுதிமொழிதான்.

அதே மாதிரி வண்டியின் உயர்ந்த ரகத்தில் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நிற்பதே பாதுகாப்பான வழி. வண்டிக் கையேட்டிலும் கதவோரச் சீட்டிலும் அது இருக்கும். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தயாரித்த வாரமும் ஆண்டும் சொல்லும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்து வாங்குங்கள். ஜப்பானிய வீலானால் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற சோதனை முத்திரைகள் இருக்க வேண்டும்.

கடைக்காரர் கவனத்துக்கு

அகல அளவுகளை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். கேட்பவர் சிலர், அளவுகளோ பல. ஒரு ஜோடி தேங்கினால் அதன் தயாரிப்புத் தேதி பழசாகிக்கொண்டே போகும். முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுப்பதே உத்தமம்.

பில்லில் டயர் அளவு, சுமை எண், தயாரிப்பு எண், வீலின் அகலம், ஆஃப்செட் அனைத்தையும் எழுதுங்கள். வண்டி தாழ்த்தப்பட்டது என்பதையும் குறித்து, வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வீல்களை உடனே விலைக்குக் கேட்காதீர்கள். ஒரு மாதம் அவரிடமே இருக்கட்டும்.

அந்த மாஸ்டாவின் கதையை முடித்துவிடுகிறோம். மறுநாளே வண்டியை வரவழைத்தோம். ஏழு அங்குல வீல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஆறரை அங்குல அகலத்தில் ஆஃப்செட் 40 உள்ள வீலும் 195/50 ஆர் 15 டயரும் கொடுத்தோம். வெளியே கூடியது 18 மி.மீ. மட்டும். அலைன்மென்ட் பார்த்து, கட்டையில் ஏற்றி, சாக்பீஸ் போட்டு, தகப்பனாரையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினோம். கோடு அழியவில்லை. அறுந்த இரண்டு டயர்களின் விலை நம் நட்டக் கணக்கில் ஏறியது. இளைஞருக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அவர் நினைத்த அகலம் இல்லையே.

ஆனால் அடுத்த ஆண்டு அந்தத் தகப்பனார் தம் கம்பெனியின் வேன்களுக்கெல்லாம் டயர் வாங்க நம் கடைக்கே வந்தார். பேரேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், அறுந்த டயரில் போன பணத்தை நாம் நட்டம் என்று நினைப்பதில்லை.